முடியுமா, மேடம்?

"மேடம், இது முடியுமா?"

கோமதிநாயகம் கேட்டாரு.

பேராசிரியை ஜெபசெல்வி நிமிர்ந்து பாக்கல. விடைத்தாள் திருத்திக்கிட்டு இருந்தாங்க.

"முடியுமா முடியாதான்னு முடிவு பண்ண முடியாது, சார்."

ஒரே வரில நாலு முடி. கோமதிநாயகம் தலைல மொத்தமே அவ்வளவுதான் இருக்கும்.

அவருதான் இந்தக் கதைல சீடன். வயசு அம்பத்தொண்ணு. பாலிடெக்னிக்ல வாத்தியார், பல்கலைக்கழகத்துல பகுதிநேர பிஎச்டி மாணவர்.

ஜெபசெல்விதான் குரு. வயசு முப்பத்தெட்டு. கம்ப்யூட்டரால எதச் செய்ய முடியும், எத எவ்வளவு ஓடுனாலும் செய்ய முடியாது, இதுதான் அவங்க பாடம்.

இருபது வருஷத்துக்கு முன்னால ஜெபசெல்வி டிப்ளமோ படிச்சப்போ அவங்களுக்கு சி லாங்குவேஜ் சொல்லிக்கொடுத்தவரு இதே கோமதிநாயகம். அதனால குரு சீடனை 'சார்'ம்பாங்க. சீடன் குருவை 'மேடம்'பாரு. வெளில இருந்து பாக்கறவனுக்கு யாரு யாருக்கு கைடுன்னு கண்டுபிடிக்க ஒரு கமிட்டி போடணும்.

"முடிவு பண்ண முடியாதுன்னா நான் என்னதான் பண்றது? நிறுத்திடட்டுமா?"

"நிறுத்துங்க."

"நிறுத்துன அடுத்த நிமிஷம் கிடைக்கறதா இருந்தா?"

"அப்ப நிறுத்தாதீங்க."

"கிடைக்கவே போறதில்லன்னா?"

"நிறுத்துங்க."

"மேடம், உங்களுக்கு இன்டர்னல் மார்க்கு முழுசா போட்டவன் நான்."

"இருபதுக்குப் பதினெட்டு, சார்."

கோமதிநாயகம் உக்காந்துட்டாரு.

*

விஷயம் இதுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள தீசிஸ கொடுக்கணும். கொடுக்கலன்னா ஏழு வருஷப் பதிவு ரத்து. ஆறு அத்தியாயம் தயார். ஏழாவது அத்தியாயத்துக்கு ஒரே ஒரு பூஜ்யம் பாக்கி.

அந்த பூஜ்யம் பக்கத்து லேப்ல ஒரு கம்ப்யூட்டர்லேருந்து வரணும். பத்தொம்போது நாளா வந்துக்கிட்டே இருக்கு.

அவரோட ஆராய்ச்சி, டைம்டேபிள். அவரு பாலிடெக்னிக்ல இருபத்திமூணு வாத்தியாருங்க. ஒருத்தருக்கு திங்கக்கிழமை மொத ஹவர் ஆகாது, பஸ் வராது. ஒருத்தரு கடைசி ஹவர்ல பாடம் எடுத்தா பசங்களுக்கு முன்னாடி அவரே தூங்கிடுவாரு. எல்லாரோட விருப்பத்தையும் வாங்கி, ஒருத்தர் மனசும் கோணாம டைம்டேபிள் போடணும்.

கோமதிநாயகம் எல்லாருக்கும் ஃபாரம் கொடுத்து வாங்கினாரு. ஆராய்ச்சி தர்மப்படி பேரு வெளில தெரியக்கூடாது. அதனால பேர எடுத்துட்டு நம்பர் போட்டாரு. எந்த நம்பர் யாருங்கற லிஸ்ட்ட ஒரு கவர்ல போட்டு ஒட்டி, லேப் பீரோவுல வச்சுப் பூட்டுனாரு. அது ஏழு வருஷத்துக்கு முன்னால. அப்புறம் அந்த இருபத்திமூணு பேரும் அவருக்கு மனுசங்க இல்ல, நம்பருங்க.

புரோகிராம் என்ன செய்யும்னா, ஒரு டைம்டேபிள் போடும். எத்தன குறைன்னு எண்ணும். கலைச்சுப் போடும். திரும்ப எண்ணும். குறை பூஜ்யமாச்சுன்னா நிக்கும். ஆகலன்னா நிக்காது. பிரின்சிபாலும் ஜூன் மாசம் பூரா இதத்தான் செய்யறாரு, என்ன, அவரு கரண்ட்ல ஓடல.

ஓட ஆரம்பிச்சப்போ ஸ்கிரீன்ல 'குறை: 412'.

அரை மணி நேரத்துல 'குறை: 1'.

அதுக்கப்புறம் பத்தொம்போது நாள். 'குறை: 1'.

"ஒண்ணே ஒண்ணுதான் மேடம். நானூத்திப் பதினோரு குறை போயிருச்சு. இந்த ஒண்ணு போகாதா?"

"போகுமா?"

"நான் கேக்கறத எனக்கே திருப்பிக் கேக்கறீங்க."

"நாளைக்கு கரண்ட் கட்டாமே?"

"அதுக்குத்தான் ஓடி வந்தேன். காலைல ஒம்போது மணிக்கு. மாதாந்திரப் பராமரிப்பாம். சாயங்காலம்தான் வருமாம்."

"யுபிஎஸ்?"

"அது ஃபேனைப் பாத்தாலே மயங்கி விழுந்துரும், மேடம்."

ஜெபசெல்வி சிவப்புப் பேனாவ கீழ வச்சாங்க.

"அந்த ஒரு குறை யாரோடது, சார்?"

"யாரோடதா இருந்தா என்ன? குறை குறைதான?"

அவங்க மேஜை டிராயரத் தொறந்தாங்க. ஒரு சாவி வளையத்த எடுத்து அவரு முன்னாடி வச்சாங்க. விடைத்தாள திரும்ப எடுத்துக்கிட்டாங்க.

"இது எதுக்கு?"

"பேரு லிஸ்ட்ட எடுத்துட்டு வாங்க."

*

லேப்ல செல்லக்கனி அக்கா கீபோர்ட் எல்லாத்தையும் தலைகீழா கவுத்துத் தட்டிக்கிட்டு இருந்தாங்க. லேப் உதவியாளர். பதினஞ்சு வருஷமா அந்த லேப்புக்கு அவங்கதான் எல்லாம். பிஎச்டி முடிச்சுப் போனவங்க எத்தன பேரு, முடிக்காம போனவங்க எத்தன பேருன்னு பல்கலைக்கழகத்துக்கே தெரியாது, அக்காவுக்குத் தெரியும்.

கோமதிநாயகத்தோட கம்ப்யூட்டர் மேல ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கும். அதுல பெரிசா 'முடியாது'ன்னு எழுதியிருக்கும். அவரே எழுதி ஒட்டுனது.

ஏழு வருஷத்துக்கு முன்னால, மொத நாள், இந்தத் தலைப்ப கொண்டு போய் ஜெபசெல்விகிட்ட காட்டி "முடியுமா மேடம்?"னு கேட்டாரு. அவங்க ரெண்டு பக்கம் படிச்சுட்டு ஒரே வார்த்தை சொன்னாங்க. "முடியாது."

நம்மகிட்ட படிச்ச புள்ள நம்மளயே முடியாதுன்னு சொல்லுதேன்னு மனுசன் அன்னைக்கு ராத்திரி சோறு எறங்காம கெடந்து, மறுநாள் அத எழுதி ஒட்டிட்டாரு. தெனமும் பாத்து ரோஷம் வரட்டும்னு. ரோஷம் வந்துச்சு. தலைல இருந்தது போச்சு.

"ஏம்மா செல்லக்கனி, இதுல பீரோ சாவி எதும்மா?"

"போட்டுப் பாருங்க சார்."

வளையத்துல ஒம்போது சாவி. மொத சாவிலேருந்து ஒண்ணு ஒண்ணா போட்டாரு. ஒம்போதும் தொறக்கல.

சரியா திருப்பலன்னு நெனச்சாரு. கடைசிலேருந்து முன்னாடி வந்தாரு. தொறக்கல.

எந்தச் சாவி போட்டோம், எது போடலன்னு கொழப்பம் வருதுன்னு போட்ட சாவிக்கெல்லாம் நூலு கட்டுனாரு. ஒம்போதுக்கும் நூலு கட்டியாச்சு. தொறக்கல. நூல அவுத்தாரு.

"எத்தனாவது சுத்து சார்?"

"நாலு."

"அஞ்சாவது சுத்துல சாவிக்கு மனசு மாறிருமோ?"

"கிண்டல் பண்ணாதம்மா. பூட்டு துரு ஏறியிருக்கு. கொஞ்சம் தேங்காண்ணெய் இருக்கா?"

அக்கா தேங்காண்ணெய் கொடுத்தாங்க. விட்டுட்டு அஞ்சாவது சுத்து போனாரு. பூட்டு மணந்துச்சு. தொறக்கல.

"சார்."

"என்ன?"

"அந்த வளையத்துல பீரோ சாவியே கெடையாது."

கோமதிநாயகம் திரும்பிப் பாத்தாரு. ரெண்டு கையிலயும் எண்ணெய்.

"இத மொதல்லயே சொல்லக்கூடாதாம்மா?"

"எது எதுன்னுதான கேட்டிய? இருக்கான்னு கேக்கலியே."

அக்கா அடுத்த கீபோர்ட கவுத்துத் தட்டுனாங்க. முறுக்குத் துண்டு ஒண்ணு விழுந்துச்சு.

கோமதிநாயகம் அப்படியே நின்னாரு. சாவிக்கொத்தப் பாத்தாரு. ஸ்கிரீனப் பாத்தாரு.

குறை: 1.

சாவிக்கொத்தப் பாத்தாரு.

எண்ணெய்க் கையோட ஓடுனாரு.

*

"மேடம். நான் ஏழு வருஷமா எதுன்னு தேடிக்கிட்டிருக்கேன். இருக்கான்னு கேக்கவே இல்ல."

ஜெபசெல்வி பேனா மூடிய மாட்டுனாங்க. மூணு மணி நேரமா அந்த மூடி கழண்டே கெடந்துச்சு.

"யாரு சொன்னா?"

"செல்லக்கனி."

"நான் சொல்லியிருந்தா கேட்டிருக்க மாட்டீங்க."

"நீங்க எங்க சொன்னீங்க?"

"மொத நாளே சொன்னேனே, முடியாதுன்னு."

"அது என்னால முடியாதுன்னு இல்ல சொன்னீங்க?"

ஜெபசெல்வி மொத தடவையா அவர முழுசா பாத்தாங்க.

"சார். நீங்க 'முடியுமா'ன்னு கேட்டீங்க. புரோகிராம் முடியுமான்னு கேக்கறீங்கன்னு நெனச்சேன். எல்லா விருப்பமும் ஒத்துவர்ற டைம்டேபிள்னு ஒண்ணு இல்லவே இல்லன்னா, இது ஓடிக்கிட்டேதான இருக்கும். அதான் முடியாதுன்னேன். நிக்காதுன்னு."

"நிக்காதுன்னு சொல்லியிருக்கலாமே."

"நிக்குமான்னு கேட்டிருக்கலாமே."

ஜெபசெல்வி விடைத்தாள் கட்ட ஓரமா தள்ளி வச்சாங்க.

"அப்ப இந்த ஏழு வருஷமா என்மேல கோவமாவா இருந்தீங்க, சார்?"

"லேசா."

"லேசான்னா?"

"ஸ்கிரீன் மேல எழுதி ஒட்டியிருக்கேன்."

"அது என்னயச் சொல்றதா? நான் அது புரோகிராமோட பேருன்னு நெனச்சேன்."

அவங்க எந்திரிச்சாங்க. கதவுகிட்ட போய் நின்னாங்க.

"டிப்ளமோ ரெண்டாம் வருஷம். லேப்ல என் புரோகிராம் நிக்காம ஓடுச்சு. உங்ககிட்டதான் வந்து கேட்டேன், 'சார், இது முடியுமா'ன்னு."

"நான் என்ன சொன்னேன்?"

"'முடியும்மா, மனச விட்டுறாத'ன்னு முதுகுல தட்டிட்டு டீக்குப் போயிட்டீங்க."

"ஓ."

"சாயங்காலம் லேப்ப பூட்டற வரைக்கும் காத்திருந்தேன் சார்."

கோமதிநாயகம் எண்ணெய்க் கைய வேட்டில தொடைக்கப் போனாரு. அன்னைக்குப் பேன்ட் போட்டிருந்தாரு. தொடைச்சுட்டாரு.

*

லேப்.

ஜெபசெல்வி ஸ்கிரீனுக்கு முன்னாடி நாற்காலியப் போட்டு உக்காரல. பின்னாடி நின்னாங்க.

"குறை எத்தனைன்னு காட்டுது. எங்கன்னு காட்டுதா?"

"காட்டாது. எண்ணத்தான சொன்னேன்."

"கேளுங்க."

ஒரே ஒரு வரி எழுதி, இதுவரைக்கும் சேத்து வச்சிருந்த டைம்டேபிள்ல பத்த எடுத்து, குறை எங்க இருக்குன்னு பாத்தாரு. புரோகிராம் அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருந்துச்சு.

மொத டைம்டேபிள்ல குறை மூணாம் நம்பர் வாத்தியாருக்கு, ஒரே நேரத்துல ரெண்டு கிளாஸ். புதன்கிழமை, அஞ்சாவது ஹவர்.

ரெண்டாவதுல இருபதாம் நம்பர். புதன்கிழமை, அஞ்சாவது ஹவர்.

மூணாவதுல எட்டாம் நம்பர். புதன்கிழமை, அஞ்சாவது ஹவர்.

பத்துலயும் ஆளு மாறுச்சு. புதன்கிழமை மாறல.

"புதன்கிழமை அஞ்சாவது ஹவர்," கோமதிநாயகம் சொன்னாரு. "மத்தியானச் சாப்பாட்டுக்கு அடுத்த ஹவர். எங்க காலேஜ்ல எப்பவும் அந்த ஹவர்ல ஒரு கிளாஸ் வாத்தியார் இல்லாம அநாதையா நிக்கும் மேடம். 'லைப்ரரி ஹவர்'னு பேரு வச்சிருக்கோம்."

"லைப்ரரிக்குப் போவாங்களா?"

"லைப்ரரி பூட்டியிருக்கும்."

செல்லக்கனி அக்கா டீ கொண்டு வந்தாங்க. கூடவே ஒரு கட்டு பேப்பர் கப்பு.

ஜெபசெல்வி கட்டப் பிரிச்சாங்க. மேஜை மேல ஒவ்வொண்ணா வச்சாங்க. பதினோரு கப்பு.

"பதினோரு கிளாஸ்," அவங்க சொன்னாங்க. "வாத்தியார வைங்க."

கோமதிநாயகம் இருபத்திமூணு சீட்டு கிழிச்சு நம்பர் எழுதுனாரு.

"புதன்கிழமை அஞ்சாவது ஹவர்ல பன்னெண்டு பேரு ஒர்க்‌ஷாப்புல இருக்கணும். அது மேலிடத்து உத்தரவு. அதுல கை வைக்க முடியாது." பன்னெண்டு சீட்ட எடுத்து ஓரமா வச்சாரு. "மிச்சம் பதினொண்ணு. கிளாஸும் பதினொண்ணு. சரியா வருதே மேடம்."

"வைங்க."

வச்சாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு. பத்து கப்புல பத்து சீட்டு. கைல ஒரு சீட்டு.

பதினேழு.

டைப் அடிச்சு வச்சிருந்த ஃபாரத்தப் பாத்தாரு.

"பதினேழாம் நம்பர் அந்த ஹவர் வேண்டாம்னு எழுதியிருக்கான்."

"காரணம்?"

"காரணம்ங்கற எடத்துல 'சொந்த வேலை'. அவ்வளவுதான்."

கப்பு ஒண்ணு காலியா இருந்துச்சு.

கோமதிநாயகம் சீட்ட கலைச்சு வேற மாதிரி வச்சாரு. காலிக் கப்பு இடம் மாறுச்சு. இன்னொரு தடவ கலைச்சாரு. திரும்ப மாறுச்சு. ஒரு காலி இருந்துக்கிட்டேதான் இருந்துச்சு.

"பத்தொம்போது நாளா இதத்தான் சார் அந்தப் பொட்டியும் பண்ணிக்கிட்டிருந்துச்சு?" அக்கா கேட்டாங்க.

"ஆமாம்மா."

"பாவம்."

*

கோமதிநாயகத்துக்குக் கோவம் வந்துச்சு. பத்து சீட்டு, பதினோரு கப்பு, அவ்வளவுதான் விஷயம். இதுக்கு ஏழு வருஷம்.

"யாரு மேடம் இந்தப் பதினேழு?"

"தெரியல சார். நீங்கதான் நம்பர் போட்டீங்க."

"மத்தவங்களப் பாருங்க. ஒருத்தர் மூட்டு வலின்னு எழுதியிருக்காரு. ஒருத்தங்க கைக்குழந்தைன்னு எழுதியிருக்காங்க. இவன் பாருங்க, சொந்த வேலை. கவர்மென்ட் சம்பளம் வாங்கிட்டு புதன்கிழமை மத்தியானம் என்ன சொந்த வேலை? அங்க ஒரு கிளாஸ் பசங்க பூட்டுன லைப்ரரி வாசல்ல நிக்குது. இவன் எங்கயோ ஃபேனுக்குக் கீழ உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருப்பான்."

டீய ஒரு மொடக்கு குடிச்சாரு.

"ஒரே ஒருத்தன். ஒரு ஹவர். அத மட்டும் விட்டுக் கொடுத்திருந்தா என் தீசிஸ் நாலு வருஷத்துக்கு முன்னாலயே முடிஞ்சிருக்கும். ஆராய்ச்சி தர்மம்னு ஒண்ணு இருக்கறதால நம்பரச் சொல்லித் திட்டறேன். இல்லன்னா பேரச் சொல்லித் திட்டுவேன்."

"லிஸ்ட்ட பாத்தாத் தெரிஞ்சுரும்," ஜெபசெல்வி சொன்னாங்க.

"சாவிதான் இல்லியே."

செல்லக்கனி அக்கா பீரோவப் பாத்தாங்க. அப்புறம் அவரப் பாத்தாங்க.

"பீரோவப் பூட்டுனது யாரு சார்?"

"நான்தான்."

"சாவிய யாருட்ட குடுத்திய?"

"யாருகிட்டயும் கொடுக்கக் கூடாதும்மா. ரகசியம். நானே..."

நிறுத்துனாரு.

பேன்ட் பைக்குள்ள கைய விட்டு பைக் சாவிய எடுத்தாரு. அந்தக் கொத்துல பித்தளைல ஒரு சின்ன சாவி. ஏழு வருஷமா அது பைக் பெட்டி சாவின்னு நெனச்சுக்கிட்டிருந்தாரு.

அவரு பைக்ல பெட்டி கெடையாது.

மொத திருப்புலயே பீரோ தொறந்துச்சு.

கவர் மேல தூசி. ஊதுனாரு. ஒட்டுன எடத்துல அவரோட கையெழுத்து. பிரிச்சாரு. விரல வச்சு மேலேருந்து வந்தாரு. பதினஞ்சு. பதினாறு.

பதினேழுல விரல் நின்னுச்சு.

"யாரு சார்?" அக்கா கேட்டாங்க.

கோமதிநாயகம் லிஸ்ட்ட மடிச்சாரு. இன்னொரு தடவ மடிச்சாரு. சட்டைப்பைல வச்சாரு.

"வெளில சொல்லக் கூடாதும்மா. ஆராய்ச்சி தர்மம்."

"எங்க காலேஜ்ங்கிய. புதன்கிழமை மத்தியானம்ங்கிய." அக்கா கைல இருந்த துணிய மடிச்சாங்க. "ஏழு வருஷமா புதன்கிழமை மத்தியானம் நீங்க இங்கனதான சார் உக்காந்திருக்கிய?"

ஃபேன் சுத்துற சத்தம் கேட்டுச்சு.

"மேடத்தப் பாக்கன்னு வாரிய. நான் டீ தாரேன்."

கோமதிநாயகம் கைல இருந்த டீய மெதுவா கீழ வச்சாரு.

ஜெபசெல்வி போர்டு பக்கம் திரும்பிக்கிட்டாங்க. போர்டுல எதுவும் எழுதல. தோளு மட்டும் குலுங்குச்சு.

*

"மாத்திடறேன் மேடம்," கோமதிநாயகம் கீபோர்ட் பக்கத்துல உக்காந்தாரு. "பதினேழோட விருப்பத்த எடுத்துடறேன்."

"அப்படி எடுக்க முடியாது, சார்."

"ஏன்?"

"அது ஒருத்தரோட விருப்பம். ஆராய்ச்சியாளர் தன் இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது. ஒப்புதல் படிவம் வேணும்."

"மேடம்."

"ஆராய்ச்சி தர்மம்."

பீரோவுல இருந்து ஒரு படிவத்த எடுத்தாரு. ஆராய்ச்சியாளர்: கோமதிநாயகம். பங்கேற்பவர்: 17. 'மேற்படி மாற்றத்திற்கு யாருடைய வற்புறுத்தலும் இன்றி சம்மதிக்கிறேன்.' ரெண்டு கையெழுத்து போடணும். மொதல்ல ஒண்ணு போட்டாரு. கொஞ்ச நேரம் யோசிச்சாரு. ரெண்டாவத லேசா சாய்ச்சுப் போட்டாரு.

"பதினேழு சம்மதிச்சாச்சா?"

"ரொம்ப வருத்தப்பட்டான், மேடம்."

இப்ப ஓடிக்கிட்டிருக்கற புரோகிராம நிறுத்தணும். அதுக்கு ஒரு விரலு போதும். அந்த விரலு கீபோர்டுக்கு வர்றதுக்கு ரெண்டு நிமிஷம் ஆச்சு. பத்தொம்போது நாள். இன்னும் ஒரு நிமிஷம் விட்டுப் பாக்கலாமான்னு அப்பக்கூட தோணுச்சு. காலிக் கப்பப் பாத்தாரு. நிறுத்துனாரு.

ஒரு வரி மாத்துனாரு. ஓடவிட்டாரு.

குறை: 409.

குறை: 150.

குறை: 38.

அக்கா கீபோர்டத் தட்டறத விட்டுட்டு வந்து நின்னாங்க. டீ ஆறுச்சு. ஆடை கட்டுச்சு.

குறை: 6.

குறை: 2.

குறை: 1.

நின்னுது. அதாவது நிக்கல, ஒண்ணுலயே நின்னுது.

ஒரு நிமிஷம். ரெண்டு நிமிஷம். கோமதிநாயகம் சட்டைப்பைய தொட்டுப் பாத்துக்கிட்டாரு, லிஸ்ட்ல வேற எங்கயாவது தன் பேரு இருக்கான்னு சந்தேகம் வந்தவரு மாதிரி.

குறை: 0.

ஸ்கிரீன் அமைதியாச்சு.

"முடிஞ்சுது மேடம்," அவரு சொன்னாரு. திரும்பச் சொன்னாரு. "முடிஞ்சுது."

"எது சார்?"

வாயத் தொறந்தாரு. மூடுனாரு.

"நின்னுருச்சு, மேடம்."

ஜெபசெல்வி தலையாட்டுனாங்க.

அவரு கைய நீட்டி ஸ்கிரீன் மேல இருந்த மஞ்சள் சீட்டப் பிய்க்கப் போனாரு.

"பிய்க்காதீங்க."

"ஏன்?"

"ஏழாவது அத்தியாயத்துக்குத் தலைப்பு அதுதான். மொதல்ல பத்து சீட்டு, பதினோரு கப்பு எழுதுங்க. அப்புறம் அந்த பூஜ்யத்த எழுதுங்க."

"அது ஒரு பக்கம்கூட வராதே மேடம். ஏழு வருஷத்துக்கு ஒரு பக்கமா?"

"கவலப்படாதீங்க. படம் போட்டா ஒண்ணரை வரும்."

*

வியாழக்கிழமை பூரா கரண்ட் இல்ல. கோமதிநாயகம் ஜன்னல் பக்கத்துல உக்காந்து கையால எழுதுனாரு. படத்துல பதினோரு கப்பு வரைஞ்சாரு. கப்பு எல்லாம் குடம் மாதிரி இருந்துச்சு. நன்றியுரைல இருபத்திரண்டு வாத்தியாருக்கும் நன்றி சொன்னாரு. பதினேழ விட்டுட்டாரு. இன்னும் கோவம் தீரல.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு நாப்பதுக்கு தீசிஸ ஆபீஸ்ல கொடுத்தாரு. அங்க இருந்தவரு நாலு எடத்துல முத்திரை குத்தி, ரசீது கொடுத்தாரு.

ரசீத ரெண்டு கைலயும் பிடிச்சுக்கிட்டே ஜெபசெல்வி ரூமுக்கு வந்தாரு. அவங்க இன்னும் அதே விடைத்தாளத் திருத்திக்கிட்டுதான் இருந்தாங்க. செல்லக்கனி அக்கா வாசல்ல நின்னாங்க.

"கொடுத்துட்டேன் மேடம்."

"சந்தோஷம், சார்."

"வைவாவுக்குத் தயார் பண்ணணும். நெறைய கேக்க வேண்டியிருக்கு." டைரியத் தொறந்து பேனா மூடியக் கழட்டுனாரு. "அடுத்த புதன்கிழமை எத்தன மணிக்கு வரட்டும்?"

ஜெபசெல்வி நிமிர்ந்து பாக்கல.

"உங்களுக்கு அஞ்சாவது ஹவர் கிளாஸ் இருக்கு, சார்."